கேமில் வைத்த பெயரால் நடந்த, மனசை விட்டுப் போகாத சம்பவம் ஒன்று சொல்லுங்க (டெல்டா மக்கள் முதலில்)

முள்ளியாறு:
நானே ஆரம்பிக்கிறேன். 2021 ஜூலை. பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். முந்தைய வருஷம் செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததிலிருந்து கை நமநமவென்று இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்திருந்தோம். ராத்திரி பதினொன்றுக்கு ரேண்டம் ஸ்குவாட். கோயம்புத்தூர்ப் பசங்க இரண்டு பேர், நான், நாலாவதாக ஒருத்தன். அவன் பெயர் ஆங்கில எழுத்தில் ‘கடைமடை’.

நமக்கு அர்த்தம் தெரியும், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற பகுதி. அவர்களுக்குத் தெரியவில்லை. "என்னது, கடைஞ்செடுத்த மடையனா?" என்று ஒருத்தன் தொடங்கினான். அவ்வளவுதான், மேட்ச் முழுக்க மடையாதான். "மடையா, வண்டிய எடு." "மடையா, மேல ஸ்நைப்பர்." அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேமில் வரும் போச்சிங்கி ஊரில் அந்தக் கிண்டல்காரன் குண்டடிபட்டு நாக் ஆகிக் கிடந்தபோது இவன்தான் புகை போட்டு ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். எழுந்தவன் "தேங்க்ஸ் மடையா" என்கிறான்.

கடைசி வட்டத்தில் நாலு பேரும் புல்லில் படுத்திருந்தோம். அப்போதுதான் அவனாகப் பேசினான். மெதுவாக, யாரிடம் என்றில்லாமல்: "மேட்டூர் தொறந்து ஒரு மாசம் ஆவப்போவுது. எங்க வாய்க்காலுக்கு இன்னும் வரல."

"என்னடா உளர்ற?" என்றான் கோயம்புத்தூர்க்காரன்.

என் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. எனக்கா புரியாது? மைக்கைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது என் பெயர் டெத்கில்லர்614. டெத்கில்லரை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டதால் பின்கோடின் முதல் மூன்று எண்ணைச் சேர்த்திருந்தேன். அந்தப் பெயருக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. ‘சாவுகொல்லி’ என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

சித்தப்பா_மாயவரம்:
நான் பெண். இங்கே இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது தெரிந்தால் தெரியட்டும்.

முதலில் சொந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன். லாபியில் நுழைந்ததும் "ஹாய், மைக் போடுங்க", "எந்த ஊரு", "இன்ஸ்டா ஐடி குடுங்க". துப்பாக்கி பொறுக்கக்கூட விடமாட்டார்கள். சீ என்று வெறுத்துப்போய் சித்தப்பா ஆனேன். பெயரிலேயே உறவு இருந்தால் ஒரு வசதி, எதிரில் இருப்பவன் முறை சொல்லித்தான் கூப்பிட்டாக வேண்டும். வாயைத் திறக்காமல் எழுத்திலேயே ‘வா’, ‘கவர்’, ‘ஓடு’ என்று எட்டு மாதம் ஓட்டினேன். பள்ளிக்கூடப் பையன்கள் மூன்று பேர் நிரந்தர ஸ்குவாட். "சித்தப்பா, எட்டு எக்ஸ் ஸ்கோப் இருக்கு, வேணுங்களா?" என்ன மரியாதை!

ஒரு நாள் மைக் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "ஏண்டி, உலை கொதிக்குது, அரிசியக் களைஞ்சியா இல்லையா?" நான் "இதோ வர்றேம்மா" என்றேன். அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் நின்றுபோனது. மூன்று பேரும் வெட்டவெளியில் அப்படியே நிற்கிறார்கள். எவனோ வந்து மூன்று பேரையும் சாய்த்துவிட்டான். விழுந்து கிடந்த இடத்திலிருந்து ஒரு பையன், ரொம்பத் தயங்கி, "சித்தி...?"

அப்புறமும் இரண்டு வருஷம் ஒன்றாக ஆடினோம். வாயில் சித்தி, திரையில் சித்தப்பா.

முள்ளியாறு, அந்தப் பையன் விஷயத்தில் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்புதான்.

குடந்தை(1):
என் கதை சின்னது. 2008 வாக்கில் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், எட்டு கம்ப்யூட்டர், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. பெயர் மாற்றவே யாருக்கும் தோன்றாது, எல்லோரும் ‘பிளேயர்’. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் கேமே பெயருக்கு முன்னால் அடைப்புக்குறியில் எண் போட்டுவிடும். "ஒண்ணு, பின்னாடி வரான்!" "ரெண்டு, பாம் வை!" என்று தடுப்புக்கு மேலே எழுந்து நின்று கத்துவோம். ரெண்டு இன்றைக்கும் எங்களுக்கு ரெண்டுதான். அவன் கல்யாணத்துக்கு நாங்கள் அடித்த ஃபிளெக்ஸில் மணமகன் பெயருக்கு முன்னால் (2) என்று போட்டோம். இவனுக்கு இது ரெண்டாம் கல்யாணமோ என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மண்டப வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டார். தீர்த்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சரி, புதிதாகப் பெயர் வைக்கிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கூப்பிட வாயில் வரணும். இரண்டு மூன்று எழுத்து போதும். நாக் ஆகிக் கிடக்கும்போது ‘டார்க்லெஜண்ட்வாரியர்’ என்று எவனும் முழுசாகச் சொல்லமாட்டான், ‘டேய்’ என்பான், நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொந்தப் பெயரோடு பிறந்த வருஷத்தை ஒட்டாதீர்கள், பாதிப் பேருக்கு அதுவேதான் பாஸ்வேர்டு. பின்கோடும் வேண்டாம், முள்ளியாறு, ஊர் எது என்று எவனுக்கோ எதற்குச் சொல்லணும்? அப்புறம் பெயருக்கு இரண்டு பக்கமும் சுருள் சுருளாக இறக்கை வைக்கிறீர்களே, அது இந்தோனேசியாவின் ஜாவா தீவு எழுத்தில் தலைப்புகளுக்குப் போடுகிற அலங்காரக் குறி. ஜாவா எழுத்தின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டே போனால் பல்லவர் எழுத்தில் போய் நிற்கும். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போனது ஆயிரம் வருஷம் கழித்து ஃப்ரீ ஃபயர் வழியாக வீடு திரும்பியிருக்கிறது, பெருமைதான். ஆனால் அதைத் தட்டச்சு செய்ய முடியாது, எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டணும், கூட்டாளி உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியாக, அவசரப்பட்டு வைக்காதீர்கள். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் முதல் மாற்றம் சும்மா, அடுத்த தடவை ஜெம் கேட்கும். பப்ஜி வகையறாவில் பெயர் மாற்றவே தனியாக ஒரு கார்டு வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி ஒரு வாரம் யோசியுங்கள்.

தென்னை:
பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் போனதற்கப்புறம் எங்கள் தோப்பில் நின்றது பதினொன்று, விழுந்ததை எண்ணவில்லை. கரண்டு வந்ததும் பப்ஜி ஏற்றினேன். பெயர் கேட்டது. கண்ணுக்கு எதிரே கிடந்ததைப் போட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் வாசலில் கட்டில் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன், அப்பா பின்னால். எதிரில் வந்தவன் பெயர் கஜா. கஜேந்திரனோ கஜலட்சுமியோ, யார் கண்டது. தூரத்திலிருந்து ஒரே குண்டு. திரை ஓரத்தில் வரி வந்தது: கஜா, ஒரு துப்பாக்கிப் படம், தென்னை. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இதத்தான் அப்பவே பேப்பர்ல போட்டாங்களே" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பாபநாசம்_பாய்:
முதல் பதிவு இடிக்கிறது. 2021இல் மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே, நாள் தவறாமல் திறந்தார்கள். நாலாம் நாள் கல்லணையும் திறந்தாயிற்று. எங்கள் வயலுக்கு அந்த மாதம் முடியும் முன்பே தண்ணீர் வந்து நாற்று விட்டுவிட்டோம். ஜூலை இரண்டாவது வாரத்திலும் வரவில்லை என்றால், அந்தப் பையன் அனுதாபத்துக்கு அடித்துவிட்டிருக்கிறான். கேமில் இப்படி எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. இல்லையென்றால் உங்கள் ஊரில் வாய்க்கால் தூர் வாரவில்லை, அதற்கு மேட்டூர் என்ன செய்யும்?

முள்ளியாறு:
பாபநாசத்தில் உட்கார்ந்துகொண்டு கடைமடைக்குத் தண்ணீர் வந்த தேதி சொல்கிறீர்களே. நீங்கள் குளித்துக் கரையேறின தண்ணீர்தான் மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும்.

பாபநாசம்_பாய்:
நாங்களும் தண்ணீர் இல்லாமல் கருகவிட்ட ஆட்கள்தான். சும்மா தலைமடை தலைமடை என்று சொல்ல வேண்டாம்.

திருத்துறைப்:
சண்டைக்கு நடுவே என்னுடையதையும் வைத்துவிட்டுப் போகிறேன். தமிழிலேயே பெயர் வைப்பேன் என்று பிடிவாதம், ஊர்ப் பெயரை அடித்தேன். அந்த கேம் பன்னிரண்டு குறிக்கு மேல் ஏற்காது. கண்ணால் எண்ணினால் திருத்துறைப்பூண்டி ஒன்பது எழுத்துதானே? கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. ‘தி’ என்பது ஒன்றல்ல, த ஒன்று, மேலே கொக்கி ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் பதினெட்டு. கச்சிதமாகப் பன்னிரண்டில் ‘திருத்துறைப்’ என்று வந்து நின்றுவிட்டது. எவ்வளவு தட்டினாலும் பூண்டி ஏறவில்லை. எரிச்சலில் அப்படியே ஓகே கொடுத்தேன்.

முதல் மேட்சிலேயே ஒருத்தன், "ப்ரோ, இப்புக்கு அப்புறம் என்ன?"

"பூண்டி."

"பூண்டா?"

அன்றிலிருந்து நான் பூண்டு. திரையில் ஏறாத பாதிதான் எனக்குப் பெயராக நிலைத்திருக்கிறது.

குடந்தை(1):
இதற்குத்தான் இரண்டு மூன்று எழுத்து என்றேன்.

புள்ளி:
எனக்கு கேமில் வெற்றுப் பெயர். இங்கே காலியாக விடவில்லை, அதனால் புள்ளி. கொரிய எழுத்துகளுக்காக யூனிகோடில் வைத்திருக்கிற வெற்றுக் குறி ஒன்று உண்டு, எண் 3164. கண்ணுக்கு இடைவெளி, கேமுக்கு எழுத்து. எங்கள் பக்கத்தில் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த வித்தைதான், பந்தாவுக்கு வைப்பார்கள். நான் வைத்தது அதற்காக இல்லை.

ஊர்ப் பசங்க கிளான் தொடங்கினார்கள். நன்றாக ஆடுவேன் என்று என்னையும் சேர்த்தார்கள். எல்லோர் பெயருக்கும் பின்னால் ஒரே வால். என்ன வால் என்று எழுத மாட்டேன், இங்கே கார்க் கண்ணாடிகளில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் மைக்கில் இருக்கும்போது கிளான் லீடர் கேட்டான், "நீ பேருக்குப் பின்னாடி என்ன போடுவ?" ஒன்றும் போடமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் இன்னொருத்தன், "எந்தத் தெரு?" சொன்னேன். அன்று ராத்திரியே தூக்கிவிட்டார்கள். நாலு வருஷம் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு போனவர்கள்.

பின்னாடி என்ன என்றுதானே கேட்டார்கள். முன்னாடி இருந்ததையும் எடுத்துவிட்டேன்.

போன மாதம் எதிரணியில் அந்த வால் தெரிந்தது. சுட்டேன். அவன் திரையில், யார் சுட்டது என்கிற இடம் காலியாக இருந்திருக்கும்.

குடந்தை(1):
தம்பி, அந்த வெற்றுக் குறியை எல்லா கேமும் ஏற்காது. ஏற்கிற கேமிலும் அடுத்த அப்டேட்டில் அடைத்துவிடலாம். இப்போதே வேறொரு பெயரையும் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

சித்தப்பா_மாயவரம்:
குடந்தை, கொஞ்சம் சும்மா இருங்க. புள்ளி, எங்கள் ஸ்குவாடில் ஒரு இடம் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு, நான் அடுப்பை அணைத்ததும்.

முள்ளியாறு:
சித்தப்பா திட்டியதிலிருந்து ஒரே உறுத்தல். முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அன்று மேட்ச் முடிந்ததும் கடைமடைக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். எடுத்துக்கொண்டான். அப்புறம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. 2022 ஜூலையில் கேமை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தபோது பட்டியலில் தேடினேன், கடைமடையைக் காணோம். படத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், காய்ந்து வெடித்த வயல், ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட கூடை. படம் அதேதான். பெயர் சைலன்ட்கில்லர்614.

சித்தப்பா_மாயவரம்:
இப்ப ஆன்லைனில் இருக்கிறானா?

முள்ளியாறு:
பச்சை எரிகிறது.