புதுப்பிப்பு: கருக்கலைப்புக்குப் பின் தங்கைக்கு என்ன கருத்தடை?

"கலைத்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரும்வரை கவலையில்லை" என்று எஸ்டேட்டில் சொல்கிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருந்தேன். நம்பவே கூடாது. இரண்டு வாரத்துக்குள்ளேயே கருமுட்டை வெளியாகலாம். மாதவிலக்கு வருமுன்பே மறுபடி கரு தங்கலாம்.

கோத்தகிரியில் நர்சம்மா, கருப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தே காட்டினார். தீக்குச்சி நீளம்கூட இல்லை. அப்புறம் சாயா என்ற கருத்தடை மாத்திரை, அந்தரா என்ற கருத்தடை ஊசி பற்றியும் சொன்னார். அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம். கொழுந்து பறிக்கிற அலைச்சலில் மாத்திரை மறந்துவிடும் என்று தங்கை ஊசியைக் கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒன்று, அன்றைக்கே போட்டார்கள். மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம் என்று முன்கூட்டியே சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி.

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும். காப்பர்-டி போட்டால்தான் கலைப்போம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.