புதுப்பிப்பு: கமென்ட்ரியை விழுங்கிய ரசிகர் கூச்சல்

ஐபிஎல் பார்க்கும்போது கூட்டத்தின் இரைச்சலில் கமென்ட்ரி கேட்கவே இல்லை, பேச்சுக் குரல் வரும் நடு ஸ்பீக்கரை ('சென்டர்') மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாற்றத் தேவையில்லை! ஸ்பீக்கரில் கோளாறே இல்லை.

ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' முறையில் இருந்திருக்கிறது. வந்த இடது, வலது என்ற இரண்டு சேனல் ஒலியையே ஐந்து ஸ்பீக்கரிலும் அப்படியே பரப்பிவிட்டது. 'டால்பி சரவுண்ட்' முறைக்கு மாற்றினேன். இடது வலது இரண்டிலும் ஒன்றாக இருக்கும் குரலைப் பிரித்து நடுவுக்கு அனுப்புகிறது. மாறுபட்டு ஒலிக்கும் ஆரவாரம் பெரும்பாலும் பின்னால் போகிறது. அப்புறம் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். அவ்வளவுதான்.

நேற்று சேப்பாக்கம் ஆட்டம். சிக்ஸர் பறந்ததும் என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில்! காது மந்தமான அப்பாவும் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கமென்ட்ரியும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

கூச்சலையே குறைத்துவிடச் சொன்னவர்களுக்கு: எனக்கு மனம் வரவில்லை. 2020இல் அமீரகத்தில் ஆளில்லா மைதானங்களில் ஆடியபோது, பதிவுசெய்த ஆரவாரத்தைத்தானே ஒளிபரப்பில் சேர்த்தார்கள்? அந்தச் சத்தம் இல்லாமல் ஆட்டம் ஏது.

ஒன்று மட்டும் பாக்கி. விளம்பரம் வந்தால் ஒலி இன்னும் எகிறுகிறது. உரத்த ஒலியைத் தணிக்கும் 'நைட் மோடு' போட்டால் அடங்குகிறது, ஆனால் விசிலும் சேர்ந்தே மங்கிவிடுகிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.