‘பார்சிலோனா’ படத்தின் கடைசி பர்கர்: திமிரா, ஏக்கமா?

பழையரீல்: பக்கத்து இழையில் ஒருவர், அமெரிக்க இயக்குநர் விட் ஸ்டில்மனின் ‘பார்சிலோனா’ (1994) அப்பட்டமான அமெரிக்கப் பிரச்சாரம், கடைசியில் ஸ்பானியப் பெண்கள் பர்கரைக் கடித்து உருகுவதே அத்தாட்சி என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பர்கர் பேச்சு நடுவிலேயே வருகிறதே! இங்கே ஸ்பெயினில் கிடைக்கும் பர்கர் மட்டம், அதைத் தின்றுவிட்டு இந்த ஊர்க்காரர்கள் அமெரிக்கனுக்கு ரசனையே இல்லை என்கிறார்கள், நாம் ஏங்குவதோ நம் நினைவில் இருக்கும் பர்கருக்கு என்று. ஊரைவிட்டு வந்தவன் பேச்சு அது. படத்தின் அமெரிக்க நாயகன் டெட் பார்சிலோனாவுக்கு மோட்டார் விற்க வந்தவன், அவன் ஒன்றுவிட்ட சகோதரன் ஃப்ரெட் கடற்படைக்காரன். இதில் திமிர் எங்கே?

கருப்புக்காபி: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாம். நடுவில் ஏக்கம், சரி. கடைசியில்? அமெரிக்காவில் ஒரு ஏரிக்கரை, அடுப்பில் பர்கர், பார்சிலோனாப் பெண்கள் வாய்பிளந்து ருசிக்கிறார்கள். இரண்டு நாயகர்களில் ஒருவனாவது பார்சிலோனாவில் குடியேறினானா? ஊரை விட்டுப் போனவர்கள் பெண்கள்தான்.

பழையரீல்: ஸ்டில்மனே பார்சிலோனாப் பெண்ணைக் கட்டியவர், ஸ்பானியப் படங்களை விற்கும் வேலை பார்த்தவர். அந்த ஊர் மாப்பிள்ளை மாமியார் வீட்டைப் பழித்துப் படம் எடுப்பாரா?

கருப்புக்காபி: மாமியார் வீட்டைப் பழிக்காத மாப்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

மாடவீதி: பர்கரை விடுங்கள். சீருடையில் தெருவில் போகும் ஃப்ரெட்டைப் பார்த்து ‘ஃபாச்சா’, அதாவது பாசிஸ்ட், என்று கத்துகிறார்களே, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? 1953இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவோடு ஒப்பந்தம் போட்டு ராணுவத் தளம் வாங்கிய நாடு அமெரிக்கா. ஸ்பெயின் 1982இல் அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணி நேட்டோவில் சேர்ந்தபோது எதிர்த்த சோஷலிஸ்ட் தலைவர் கொன்சாலஸ், பிரதமரான பிறகு, அதில் தொடர்வதா என்ற 1986 வாக்கெடுப்பில் ‘ஆம்’ போடச் சொன்னார். படம் நடப்பது அந்த 1986க்கு முன்புதான்.

பழையரீல்: உங்களுக்கு யார் சொன்னது? ‘பனிப்போரின் கடைசிப் பத்தாண்டு’ என்றுதான் படம் தொடங்கும்போது வருகிறது. ஆண்டே கிடையாது.

மாடவீதி: அதைத்தானே சொல்கிறேன், 1986க்கு முன்பும் அந்தப் பத்தாண்டில்தான் வருகிறது.

பழையரீல்: பின்பும் வருகிறது! படத்தில் இல்லாததைப் படத்தில் ஏற்றாதீர்கள். ஸ்டில்மனின் முந்தைய படம் ‘மெட்ரோபாலிடன்’ பற்றிய இழையிலும் இதையே செய்தீர்கள், பாதிப் படத்தில் தூங்கியதையும் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நான் மறக்கவில்லை.

மாடவீதி: தூங்கியது இரண்டாம் முறை பார்க்கும்போது. முதல் முறை முழுதாகப் பார்த்தேன். எத்தனை தடவை சொல்வது?

நூல்கண்டு: ஒரு சந்தேகம். பிரச்சாரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்தால்...

கருப்புக்காபி: பர்கர் அமெரிக்காவில், பெண்கள் அமெரிக்காவில். இதற்கு மேல் என்ன முடிவு செய்ய வேண்டும்?

பழையரீல்: அப்படியானால் ரமோனை ஏன் மறைக்கிறீர்கள்? ஃப்ரெட்டை சிஐஏ ஆள் என்று பத்திரிகையில் எழுதுபவன் அவன். அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓவை ‘ஏஎஃப்எல்-சிஐஏ’ என்று நம்பும் ஆட்களும் படத்தில் உண்டு. ஃப்ரெட் சுடப்பட்டு ஒரு கண்ணையே இழக்கிறான். அந்தக் கண்கட்டோடு ஏரிக்கரையில் நிற்பவனைப் பார்த்து வெற்றிக் களிப்பு என்கிறீர்களே, மனசு வருகிறதா? அந்தப் பெண்கள் ஒரு கடி கடித்ததும், பையன்கள் இத்தனை நாளாக எதைச் சொன்னார்கள் என்று அவர்களுக்குப் புரிகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குவது அங்கேதான்.

கருப்புக்காபி: ஸ்பானியர்கள் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து ஒரு அமெரிக்கனுக்கு இப்படிப் புரிகிற காட்சி எங்கே? எறும்புகளை வைத்து அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைப் பாடம் எடுக்கத்தான் அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

பழையரீல்: எறும்புக் காட்சியில் அசடு வழிவது அமெரிக்கர்கள்! அதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் வாதாடினீர்கள்?

மாடவீதி: 1986க்கு முன்புதான். ஸ்பெயின் நேட்டோவில் இருப்பதா வேண்டாமா என்று முடிவாகாத காலம் அது, கத்துபவர்கள் முகத்திலேயே தெரிகிறது.

பழையரீல்: முகத்தைப் பார்ப்பதென்றால் பர்கர் சாப்பிடும் பெண்களின் முகத்தைப் பாருங்கள். நான் இன்று இரவு மறுபடி பார்க்கிறேன்.

கருப்புக்காபி: பாருங்கள். ஏரி எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.