இலக்கியம், வரலாறு ஆய்வேட்டுக்கு லேடெக் கற்கத்தான் வேண்டுமா?

நேர்கோடு:
லேடெக் என்பது உரைக்குள் கட்டளைகளை எழுதி, அதிலிருந்து அச்சுப்பக்கத்தை உருவாக்கும் மென்பொருள். கணிதக்காரர்களின் அந்தக் கருவியை இலக்கியம், வரலாறு, மெய்யியல் படிப்பவர்கள் தலையில் கட்டுவது தேவையில்லாத சுமை. இந்த ஆய்வேடுகளில் சமன்பாடு கிடையாது. உரைநடையும் அடிக்குறிப்பும்தான். வேர்டில் தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ பாணியை ஒழுங்காகக் கொடுத்து, மேற்கோளுக்கு ஜோட்டெரோ என்ற நூற்குறிப்பு மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் 300 பக்கமும் குலையாமல் நிற்கும். பலர் அதைக்கூடச் செய்வதில்லை. தலைப்பைக் கையால் தடிமனாக்குகிறார்கள், அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் அந்தப் பழக்கம் போகட்டும்.

சுவடிப்பித்தன்:
அடிக்குறிப்பு என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். வில்லங்கமே அங்கேதான். ‘மேலது’ (முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல்) என்று குறிப்பிட்ட பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால், அந்த ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். லேடெக்கின் மேற்கோள் தொகுதியான பிப்லேடெக்கில் ‘வெர்போஸ்-ஐபிட்’ பாணியைத் தேர்ந்தால் முதல்முறை முழு விவரம், பிறகு குறுக்கம், அடுத்தடுத்து வந்தால் ‘மேலது’ என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். தமிழில் அந்தச் சொல் வர, கோப்பின் முகப்பில் ஒருமுறை வரையறுத்தால் போதும்.

நேர்கோடு:
ஜோட்டெரோவும் வேர்டுக்குள் இதையேதான் செய்கிறது. ‘மேலது’ உள்ள பாணியைத் தேர்ந்து, பத்தியை நகர்த்தியபின் ‘ரெஃப்ரெஷ்’ கொடுத்தால் குறிப்புகள் திருந்திவிடும். கையால் தட்டச்சு செய்தவர் விட்ட பிழையை வேர்டின் கணக்கில் எழுதாதீர்கள்.

சுவடிப்பித்தன்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். மேற்கோள் ஒன்றுக்காக மட்டும் யாரும் லேடெக் கற்க வேண்டாம். ஆனால் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் வாசகம்) காட்டும் பதிப்பை வேர்டில் எப்படிச் செய்வீர்கள்? வேர்டு வரி எண் போடும். அந்த எண்ணை அடிக்குறிப்போடு தானாகப் பிணைக்காது. ஒரு சொல் கூடினால் வரிகள் நகரும், அத்தனை குறிப்பையும் கையால் திருத்த வேண்டும்.

லேடெக்கில் இதற்கென்றே ரெலெட்மேக் என்ற தொகுதி இருக்கிறது. எண்ணிடத் தொடங்கும் கட்டளையும் முடிக்கும் கட்டளையும் மூலபாடத்தின் இருபுறமும் வரும். ஒவ்வொரு பத்திக்கும் தனித் தொடக்கம், தனி முடிவு. பேதமுள்ள சொல்லை ‘எட்டெக்ஸ்ட்’ கட்டளைக்குள் வைத்து, அதன் இரண்டாம் அடைப்புக்குள் ‘ஏ-ஃபுட்நோட்’டில் மற்றப் பிரதியின் வாசகத்தை எழுதினால், பக்க அடியில் வரி எண், மூலச்சொல், பேதம் மூன்றும் வந்து நிற்கும். பாடபேதத்துக்கு ஓர் அடுக்கு, விளக்கத்துக்கு இன்னோர் அடுக்கு என்றும் பிரிக்கலாம். வரி எண்கள் துணைக்கோப்பில் சேமிக்கப்பட்டு அடுத்த ஓட்டத்தில்தான் படிக்கப்படுகின்றன. அதனால் கோப்பை 3 முறையாவது ஓட்ட வேண்டும், அதாவது லேடெக்கில் இயக்கிப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எண் தப்பு என்று கைவிடுகிறவர்கள் ஏராளம்.

மெய்ப்பு:
இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக வருபவரைப் படுத்துவது பிழைச்செய்தி அல்ல, செய்தியே வராத பிழை. ‘50% பாடல்கள்’ என்று அப்படியே எழுதினால், விழுக்காட்டுக் குறியிலிருந்து அந்த வரியின் மிச்சமெல்லாம் குறிப்புரையாகக் கருதப்பட்டுக் காணாமல் போகும். ஓட்டம் நிற்காது, பிடிஎஃப் வந்துவிடும். குறிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு போட வேண்டும்.

தமிழ் எழுத்தும் இப்படித்தான். பிடிஎஃப்லேடெக்கைத் தமிழுக்கு விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் லேடெக்கை இயக்கும் வேறு நிரல்களான லுவாலேடெக் அல்லது ஸீலேடெக் எடுத்து, எழுத்துருத் தொகுதியான ஃபாண்ட்ஸ்பெக்கில் தமிழ் எழுத்துருவைக் குறித்து, ‘ஸ்கிரிப்ட்’ என்பதற்குத் தமிழ் என்று கொடுங்கள். லுவாலேடெக் என்றால் ரெண்டரராக, எழுத்துகளை வடிவமைத்து அடுக்கும் ஹார்ஃப்பஸ்ஸையும் சேர்க்க வேண்டும். இந்த எழுத்து வடிவமைப்பு இயங்காவிட்டால் ‘கெ’ எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். தமிழ் இல்லாத எழுத்துருவில் தமிழ்ச் சொல் வந்தால் அந்த இடம் வெறுமையாகவோ வெறும் கட்டமாகவோ இருக்கும். ஓட்டத்தின் பதிவான லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும்.

நேர்கோடு:
நீங்கள் எனக்காகவே பேசுகிறீர்கள் மெய்ப்பு. இத்தனையும் கற்றபின் நெறியாளர் “வேர்டு கோப்பு அனுப்புங்கள், ஓரத்தில் திருத்தம் எழுதுகிறேன்” என்பார். லேடெக்டிஃப் இருக்கிறது என்பீர்கள். அது இரு வடிவங்களை ஒப்பிட்டு, நீக்கியதைச் சிவப்பிலும் சேர்த்ததை நீலத்திலும் காட்டும். பிடிஎஃப்பில் பார்க்கலாம், அவ்வளவுதான். வேர்டைப்போல அங்கேயே ஒரு திருத்தத்தை ஏற்க, மறுக்க வழியில்லை.

மெய்ப்பு:
அதற்கு, ஒரு கோப்பு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் பாண்டாக் உதவும். அதை உருவாக்கிய ஜான் மெக்ஃபார்லேன் மெய்யியல் பேராசிரியர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. இயல்களை, சில எளிய குறிகள் மட்டுமே கொண்ட மார்க்டவுனில் எழுதுங்கள். அடிக்குறிப்பும் மேற்கோளும் அதிலேயே எழுதலாம். நெறியாளருக்கு வேர்டு, அச்சுக்கு லேடெக் என ஒரே மூலத்திலிருந்து இரண்டும் எடுக்கலாம். அவர் திருத்தி அனுப்பிய வேர்டு கோப்பைப் படிக்கும்போது ‘டிராக்-சேஞ்சஸ்’ விருப்பத்தை ‘ஆல்’ என்று வைத்தால் சேர்த்தது, நீக்கியது, ஓரக்குறிப்பு எல்லாம் உள்ளே வரும்.

சுவடிப்பித்தன்:
உரைநடை இயல்களுக்குச் சரி. ரெலெட்மேக் கட்டளைகள் வேர்டுக்குப் போகும்போது பாடபேத அமைப்பு உடைந்துவிடும்.

நேர்கோடு:
அப்படியானால் பதிப்புப் பகுதியை மட்டும் லேடெக்கில் செய்து, பிடிஎஃப்பாகப் பின்னிணைப்பில் சேருங்கள். மற்ற இயல்கள் வேர்டிலேயே இருக்கட்டும்.

சுவடிப்பித்தன்:
செய்யலாம். ஆனால் இயலில் “வரி 214 காண்க” என்று எழுதிய இடங்களை யார் பார்ப்பது? ஒரே லேடெக் கோப்பென்றால் அந்த வரிக்கு ஒரு அடையாளம் வைத்துவிட்டால் எண் தானே மாறும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வோர் எண்ணையும் கடைசி நாளில் கையால் சரிபார்க்க வேண்டும். அப்படி 5 இடம் என்றால் உங்கள் வழி போதும். 200 இடம் என்றால் நான் லேடெக்கைத்தான் சொல்வேன்.