இத்தாலி எல்லைச் சோதனை வாக்கியங்கள்: புதுப்பிப்பு

இத்தாலி போகுமுன் எந்தெந்த வாக்கியங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு.

ரோம் ஃபியூமிச்சீனோ விமான நிலையத்தில் எல்லோரிடமும் ஆங்கிலத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் "புவொன்ஜோர்னோ" (வணக்கம்) என்றதும் அதிகாரி இத்தாலியனுக்குத் தாவிவிட்டார்! "மோத்தீவோ தெல் வியாஜ்ஜோ?" என்றால் பயணத்தின் நோக்கம், "தூரீஸ்மோ" போதும். "குவாந்தோ தெம்போ சி ஃபெர்மா?" என்றால் எவ்வளவு நாள் தங்குவீர்கள், "தியேச்சி ஜோர்னி", பத்து நாள். அப்புறம் ஓட்டல் முன்பதிவை, அதாவது "பிரெனொத்தத்சியோனே", கேட்டார். தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். வேகமாகப் பேசினால் "பியூ லெந்தோ, பெர் ஃபவோரே" (கொஞ்சம் மெதுவாக) சொல்லுங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

"இம்ப்ரோந்தே" என்று காதில் விழுந்தால் கைரேகை. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் நம்மைப் போல விசாவோடு வருபவர்களிடம் முகப்படம் எடுக்கிறார்கள்; கைரேகையை விசாவுக்கு ஏற்கெனவே கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பாரிஸ் வழியாக வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். இன்னொரு ஷெங்கன் நாட்டிலிருந்து (தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) நுழைந்தால் இத்தாலியில் நுழைவு பதிவாகாது. அதனால் 8 நாளுக்குள் "திக்கியரத்சியோனே தி பிரெசென்ட்சா" என்ற வருகை அறிவிப்பைக் "க்வெஸ்தூரா" என்னும் காவல் தலைமையகத்தில் கொடுக்க வேண்டும். ஓட்டலில் தங்கினால் செக்-இன் பதிவே போதும். உறவினர் வீட்டில் தங்குபவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் "ஓ பெர்சோ இல் பஸ்ஸபோர்த்தோ". நல்லவேளை, எனக்குத் தேவைப்படவில்லை.