மரப் பேனாவில் மரத்துக்கு என்ன வேலை?

நீலமை: லிமிடெட் எடிஷன், அதாவது எண்ணி இத்தனைதான் என்று செய்யும் மரப் பேனா என்றால் எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். காகிதத்தைத் தொடுவது நிப்பு, அதற்கு மை கொடுப்பது அடியில் இருக்கும் நாக்கு. விரல் பிடிக்கும் கழுத்து பெரும்பாலும் உலோகம் அல்லது ரெசின் என்கிற பிளாஸ்டிக். உடலுக்குள்ளும் பித்தளைக் குழாய். மரம் வெறும் மேல்சட்டை. அதில் ஒரு வரிசை எண்ணைப் பொறித்ததும் விலை எங்கேயோ போய்விடுகிறது.

மரப்பித்தன்: அந்தச் சட்டையைத் தைப்பது லேசு என்று யார் சொன்னது? காற்றில் ஈரம் ஏறினால் மரம் குறுக்குவாக்கில் ஊதும், குறைந்தால் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை ஈரத்துக்கு அசையாது. சரியாக உலராத மரத்தை அதன்மேல் ஒட்டினால் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். ஜெர்மனியின் ஃபேபர் காஸ்டெல் நிறுவனம் 2003இல் தன் 'ஆண்டின் பேனா' வரிசையை ஸ்னேக்வுட்டில்தான் தொடங்கியது. தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம், விரிசல் விடுவதில் பேர் போனது.

நீலமை: அதற்குத்தான் குறுக்கு வழி இருக்கிறதே! வெற்றிடத்தில் மரத்தின் காற்றை உறிஞ்சி, ரெசினைப் புகட்டி, சூட்டில் இறுக்கிவிடுகிறார்கள். பாதி பிளாஸ்டிக்கான பிறகும் 'இயற்கை மரம்' என்று விளம்பரம்.

கடைசல்காரர்: நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேப்பிள் போன்ற மரம் ரெசினைக் குடிக்கும். ஸ்னேக்வுட், கருங்காலி மாதிரி நெருக்கமான மரத்தில் அது உள்ளே இறங்காது. அங்கே பொறுமையாக உலர்த்துவதுதான் வழி.

இன்னொன்றும் சொல்கிறேன். வேலைப்பாடு தெரிய வேண்டுமானால் வரிசை எண்ணை விட்டுவிட்டு மூடியைத் திருகிப் பாருங்கள். மூடியும் உடலும் ஒரே கட்டையிலிருந்து வந்திருந்தால் மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடர வேண்டும். ஒற்றை மரை, அதாவது திருகுப் புரி ஒரே இடத்தில் தொடங்கினால் மூடி எப்போதும் ஒரே நிலையில் நிற்கும், ஆனால் நிறையச் சுற்ற வேண்டும். மூன்று இடத்தில் தொடங்கும்படி மூன்று மரை வெட்டினால் சட்டென்று மூடும், மூன்று நிலைகளில் நிற்கும், ரேகை ஒன்றில் மட்டுமே சேரும். போதாததற்கு, கட்டையை அறுக்கும்போது வாளின் தடிமன் அளவு மரம் தூளாகப் போய்விடும். ரேகை சாய்வாக ஓடினால் அந்த இடத்தில் ஒரு தாவல் தெரியும். அதை மறைக்க எங்கே அறுப்பது என்று முடிவெடுப்பதில்தான் கை தெரியும்.

நீலமை: ரேகை சேர்ந்தால் எழுத்து நன்றாக வந்துவிடுமா? நிப்பின் நுனியில் பற்றவைத்த கடின உலோகக் குண்டு, அதை இரண்டாகப் பிளக்கும் வெட்டு, அப்புறம் தேய்ப்பு. கைவினை அங்கேதான். அதே நிப்பு ரெசின் பேனாவிலும் வருகிறது.

மரப்பித்தன்: நிப்பு விஷயம் சரி. ஆனால் விரல் பிடிப்பது கழுத்தை என்றாலும், பேனா சாய்ந்து கிடப்பது கட்டைவிரல் இடுக்கில். அங்கே படுவது மரம். உலோகம் மாதிரி சில்லென்று இருக்காது.

நீலமை: அதற்கு எண் போடாத மரப் பேனா போதுமே?

கடைசல்காரர்: போதும். முடிச்சும் விரிசலும் இல்லாத ஸ்னேக்வுட் கட்டை அரிது, அதற்கு எண் போட்டால் நியாயம். தாராளமாகக் கிடைக்கும் மரத்துக்குப் போட்டால் அது வியாபாரம். எந்த மரம், உலர்த்தியதா ரெசின் ஏற்றியதா, எத்தனை மரை என்று கேட்டு வாங்குங்கள்.

நீலமை: எத்தனை மரை என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.