நாளைக்கு வால்நட்சத்திரம் (குடும்பக் குழு)

வேணி: மாமா, நாளைக்குச் சூரியன் மறைஞ்சதும் வால்நட்சத்திரம் எடுக்கப் போறேன். ஃபுல் ஃப்ரேம் கேமரா, பிக்சல் 4 மைக்ரான். 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.8. வானத்தோட சேர்ந்து கேமராவைத் திருப்புற ட்ராக்கர் இல்ல, வெறும் ட்ரைபாட். நட்சத்திரம் கோடாகாம இருக்க 500-ஐ ஃபோக்கல் லெங்த்தால வகுக்கிற 500 ரூல்படி 6 செகண்ட் வருது, வைக்கலாமா?

முரளி மாமா: வேண்டாம்மா. 500 ரூல்ல பிக்சல் அளவே கணக்குல வராது. இப்படிப் போட்டுப் பாரு: எஃப் நம்பரை 35-ஆல பெருக்கு. பிக்சல் மைக்ரானை 30-ஆல பெருக்கு. ரெண்டையும் கூட்டி ஃபோக்கல் லெங்த்தால வகு. லென்ஸை முழுசா திறக்காம 2.2-ல வை, இல்லன்னா ஓரத்து நட்சத்திரத்துக்கு எல்லாம் றெக்கை முளைச்சிடும். 77 + 120 = 197. 85-ஆல வகுத்தா 2.3. ஆக, 2 செகண்ட்.

கதிர்: 6 வச்சா என்ன ஆகும்னும் சொல்லிடறேன் அக்கா. வானம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்ட் நகருது (3600 ஆர்க்செகண்ட் ஒரு டிகிரி). உங்க லென்ஸ்ல ஒரு பிக்சல்னா 9.7 ஆர்க்செகண்ட். 6 செகண்ட்ல 9 பிக்சல் நீளத்துக்குக் கோடு. 2 செகண்ட்ல 3 பிக்சல்தான், உறுத்தாது. இது வான நடுக்கோட்டுப் பக்கத்துக் கணக்கு. துருவத்தை நெருங்க நெருங்க நகர்வு குறையும்.

வேணி: 2 செகண்ட்ல வால் எங்கடா தெரியும்?

கதிர்: ஒரே படத்துல தலையும் கொஞ்சம் வாலும்தான் தெரியும். 100 படம் எடுத்து ஸ்டேக் பண்ணுங்க, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சராசரி எடுங்க. 100 சேர்த்தா இரைச்சல் (படத்துல தெரியிற புள்ளிப்புள்ளி) பத்துல ஒரு பங்கா இறங்கிடும், அப்பதான் மங்கலான வால் வெளிய வரும். 200, 300 இருந்தா இன்னும் நல்லது.

முரளி மாமா: ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏத்திடாதே. ஐஎஸ்ஓ ஏத்தினா சென்சாருக்கு வர்ற வெளிச்சம் அதிகமாகாது, தலையும் பிரகாசமான நட்சத்திரமும் வெளுத்துப் போய் நிறம்தான் போகும். அந்திவெளிச்சம் இருக்கும்போது 400-ல ஆரம்பி, இருட்ட இருட்ட 800, 1600. ஹிஸ்டோகிராம்ல (படத்தோட வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபடம்) மேடு இடது ஓரத்துலேருந்து கால்வாசிக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல நிக்கணும். இடது சுவரை ஒட்டிடக் கூடாது.

சாரதா அத்தை: முதல்ல அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கட்டும்ங்க, செட்டிங் அப்புறம். வேணி, வானத்தைக் காட்டுற ஸ்டெல்லேரியம் சாஃப்ட்வேர் வச்சிருக்கியா? அதுல சூரியக் குடும்ப எடிட்டர்னு ஒரு பிளகின் இருக்கு. அதுல வால்நட்சத்திரத்தோட சுற்றுப்பாதை விவரத்தைப் புதுசா இறக்கிக்கோ. பழைய விவரத்தை வச்சா தப்பான இடத்தைக் காட்டும், நீ வெறும் வானத்தைத்தான் எடுத்துட்டு வருவே.

வேணி: மேக்னிட்யூட் (பிரகாச அளவு) 5-னு போட்டிருக்கு அத்தை. வெறும் கண்ணுக்கே தெரியும்ல?

சாரதா அத்தை: அந்த நம்பரை அப்படியே நம்பாதே. நட்சத்திரம்னா மொத்த வெளிச்சமும் ஒரு புள்ளியில. வால்நட்சத்திரத்துக்கு அதே வெளிச்சம் பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கும். அதோட 10 டிகிரி உயரத்துல பாக்கிறப்ப, தலைக்கு நேரா பாக்கிறதை விட அஞ்சரை மடங்கு காத்து குறுக்க நிக்கும். 10x50 பைனாகுலர் எடுத்துக்கோ. பக்கத்துல ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடிச்சு, அங்கேருந்து அளந்து போ. கையை நீட்டினா மூடின முஷ்டி 10 டிகிரி, நடு மூணு விரல் 5 டிகிரி. பைனாகுலர்ல பிடிச்சதும் நேரா முறைக்காம கொஞ்சம் தள்ளிப் பாரு, ஓரக்கண்ணுக்குத்தான் மங்கல் தெரியும்.

சாரதா அத்தை: இன்னொண்ணு, இதை மட்டும் மறக்கவே கூடாது. சூரியன் முழுசா மறையற வரைக்கும் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பாதே. ஒரு நொடி பட்டாலும் கண்ணு போயிடும்.

முரளி மாமா: அத்தை சொல்றது சரி. எடுக்கிற நேரமும் கம்மிதான். சூரியன் தொடுவானத்துக்குக் கீழ 12 டிகிரி இறங்கினதுலேருந்து, வால்நட்சத்திரம் 5 டிகிரி உயரத்துக்கு இறங்கி வர்ற வரைக்கும். அதனால மத்த வேலை எல்லாம் முன்னாடியே முடிஞ்சிருக்கணும். குறிப்பா ஃபோகஸ். லென்ஸ்ல இருக்கிற முடிவிலிக் குறியை நம்பாதே. முதல்ல தெரியிற பிரகாசமான நட்சத்திரம் இல்லன்னா கிரகத்தை லைவ் வியூல 10 மடங்கு பெருசாக்கி, புள்ளி எங்க ரொம்பச் சின்னதா ஆகுதோ அங்க நிறுத்து. அதைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்து உறுதி பண்ணு. ஆட்டோஃபோகஸை அணைச்சு, வளையத்துல டேப் ஒட்டு. குளிர் ஏற ஏற ஃபோகஸ் நழுவும், அரை மணிக்கு ஒரு தடவை சரிபார்.

கதிர்: ட்ரைபாட்ல இருக்கிறப்ப கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் ஆஃப். படம் ரா (raw) ஃபைலா இருக்கட்டும். அப்புறம் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' ஆஃப். அது வேலை செஞ்சா ஒவ்வொரு படத்துக்கும் அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும், பாதி நேரம் வீண்.

வேணி: இன்டர்வெல் டைமர் 2 செகண்ட்னு வச்சா போதும்ல?

கதிர்: அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. பல கேமராவுல இன்டர்வெல்னா ஒரு ஷாட் ஆரம்பிச்சதுலேருந்து அடுத்த ஷாட் ஆரம்பிக்கிற வரைக்கும். எக்ஸ்போஷரும் அதுக்குள்ள அடங்கணும். ரெண்டையும் 2-னு வச்சா ஒண்ணு விட்டு ஒண்ணு தவறிடும். 3 செகண்ட் வைங்க. வீட்டுலயே 20 ஷாட் ஓட்டி, 20 ஃபைல் விழுதான்னு எண்ணிப் பாருங்க.

முரளி மாமா: கேமராவைச் செங்குத்தா திருப்பி, தலையைக் கீழ்ப்பாதியில வை. வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும், சூரியன் கீழ மறைஞ்சிருக்கிறதால வால் மேல போகும். 20 நிமிஷத்துல வானமே 5 டிகிரி நகர்ந்துடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப நடுவுக்குக் கொண்டு வா.

கதிர்: ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தி வைங்க அக்கா. சென்சார் கறை ஒரே இடத்துல சேராது. முடிச்சதும் லென்ஸ் மூடியைப் போட்டு அதே 2 செகண்ட், அதே ஐஎஸ்ஓவுல 20 டார்க், அதாவது இரைச்சலைக் கழிக்க இருட்டுப் படம். அங்கேயே எடுத்துடுங்க, வீட்டுச் சூட்டுல எடுத்தா இரைச்சல் பொருந்தாது.

வேணி: சரி. ஸ்டேக் பண்றப்ப நட்சத்திரத்தை வச்சு அலைன் பண்ணவா (படங்களைப் பொருத்தவா), வால்நட்சத்திரத்தை வச்சா?

கதிர்: ரெண்டும், தனித்தனியா. ஒரு நாளுக்கு 2 டிகிரி நகர்ற வால்நட்சத்திரம்னு வச்சுக்கங்க. அது மணிக்கு 5 ஆர்க்மினிட் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி). 20 நிமிஷத்துல 100 ஆர்க்செகண்ட், உங்க லென்ஸ்ல 10 பிக்சல். நட்சத்திரத்தை நிறுத்தினா தலை 10 பிக்சலுக்கு இழுத்துடும், தலையை நிறுத்தினா நட்சத்திரம் இழுக்கும். ஸ்டேக் பண்ற சிரில் சாஃப்ட்வேர்ல முதல்ல நட்சத்திரத்தை வச்சு ரெஜிஸ்டர் பண்ணி (பொருத்தி) ஒரு படம் உண்டாக்குங்க. அப்புறம் வால்நட்சத்திர ரெஜிஸ்ட்ரேஷன்ல முதல் ஃப்ரேம்லயும் கடைசி ஃப்ரேம்லயும் தலையைக் குறிச்சா, நடுவுல உள்ளதை ஃபைல் நேரத்தை வச்சு அதுவே கணக்குப் போடும். அந்த ரெண்டாவது ஸ்டேக்ல ஸ்டார்நெட்னு ஒரு சாஃப்ட்வேரை ஓட்டி நட்சத்திரத்தை நீக்கிட்டு, ரெண்டையும் சேர்த்துடலாம்.

முரளி மாமா: பச்சை இரைச்சல் நீக்குற பட்டனை மட்டும் தலை மேல அழுத்திடாதே. தலையைச் சுத்தின பச்சை நிஜமான நிறம். ரெண்டு கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறு விடுற வெளிச்சம் அது. சூரிய ஒளியில அந்த மூலக்கூறு சீக்கிரமே உடைஞ்சு போயிடறதால வாலுக்குப் பச்சை வராது. வாயு வால் நீலம், தூசி வால் மஞ்சள் கலந்த வெள்ளை.

வேணி: இதே மாதிரி ஸ்டேக் பண்ணி அரோராவும் (துருவ ஒளி) எடுக்கலாமா மாமா?

முரளி மாமா: கூடவே கூடாது. அது அடுத்த படத்துக்குள்ள உருவம் மாறிடும், சேர்த்தா திரை மடிப்பெல்லாம் கலைஞ்சு பச்சைக் குழம்பாயிடும். வேகமா ஆடினா 1 இல்ல 2 செகண்ட், சோம்பலா நின்னா 8 வரைக்கும். அகல லென்ஸ், ஐஎஸ்ஓ 1600-லேருந்து 3200. பச்சையை விடுற ஆக்சிஜன் அணு ஒரு செகண்டுக்குள்ள ஒளியை விட்டுடும், சிவப்பு விடுறதுக்கு ரெண்டு நிமிஷம் வரைக்கும் ஆகும். கீழ காத்து அடர்த்தி, அதுக்குள்ள வேற அணு மோதி அந்த ஆற்றலைப் பிடுங்கிடும். அதான் சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலதான் தெரியும்.

சாரதா அத்தை: வேணி, பனி இறங்கும். லென்ஸ் மேல மூச்சு மாதிரி படிஞ்சா துணியால தேய்க்காதே, திரும்பப் படியும், கோடும் விழும். யுஎஸ்பி ஹீட்டர் பட்டையை முன் கண்ணாடிக்குப் பக்கத்துல சுத்தி, ஆரம்பத்துலேருந்தே ஓட விடு.

கதிர்: சில பவர் பேங்க் கம்மியா கரண்ட் இழுத்தா தானா அணைஞ்சிடும் அக்கா. ஹீட்டரை இருக்கிறதுலயே குறைஞ்ச அளவுல வச்சு இன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க.

வேணி: இப்பவே மாட்டிட்டேன். 20 ஷாட்டும் ஓட்டிட்டேன், 20 ஃபைல் இருக்கு 👍